சார்லஸ் டிக்கன்ஸ் கிறிஸ்துமஸை 'கண்டுபிடித்தாரா'? கடன், சிறை, ஷூ பாலிஷ் டப்பா... 6 வாரத்தில் எழுதிய ஒரு கதையின் பின்னணி

டிசம்பர் பிறந்தாலே ஓடிடி தளங்களில் ஒரு கதை தவறாமல் வந்துவிடும். பணத்தைத் தவிர வேறு எதையும் தெரியாத ஒரு கஞ்ச முதலாளி. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ராத்திரி அவரைத் தேடி வரும் ஆவிகள். விடிந்ததும் ஆளே மாறிப்போய், தன்னிடம் வேலை பார்க்கும் கிளார்க் வீட்டுக்குப் பெரிய வான்கோழியை வாங்கி அனுப்புவார். அனிமேஷன், மியூசிக்கல், பொம்மைகள் நடித்த படம், 2009-ல் ஜிம் கேரி நடித்த படம் என்று இந்தக் கதை எத்தனை முறை எடுக்கப்பட்டது என்று எண்ணி முடிக்க முடியாது.

கதையின் பெயர் 'எ கிறிஸ்துமஸ் கரோல்'. எழுதியவர் சார்லஸ் டிக்கன்ஸ். புத்தகம் வந்தது 1843 டிசம்பர் 19. கதாநாயகன் ஸ்க்ரூஜ் பெயர் இன்று ஆங்கில அகராதியில் கஞ்சன் என்ற அர்த்தத்திலேயே இருக்கிறது.

டிக்கன்ஸ்தான் கிறிஸ்துமஸைக் கண்டுபிடித்தவர் என்று ஒரு பேச்சும் உண்டு. அந்தப் பெயரிலேயே 2017-ல் ஒரு படமும் வந்தது. கேட்க நன்றாக இருந்தாலும் அது உண்மை கிடையாது. ஆனால் 31 வயதில், கையில் காசு இல்லாத நேரத்தில், அவர் ஏன் இந்தக் கதையை எழுதினார் என்பது படத்தைவிட சுவாரஸ்யமான விஷயம்.

அதற்கு முன்பு கிறிஸ்துமஸ் எப்படி இருந்தது?

இங்கிலாந்தில் கிறிஸ்துமஸ் ஒருகாலத்தில் தடை செய்யப்பட்ட பண்டிகை. 1647-ல் பியூரிட்டன்கள் கை ஓங்கியிருந்த நாடாளுமன்றம், பைபிளில் இல்லாத கொண்டாட்டம் என்று சொல்லி அதை ஒழித்தது. 1660-ல் மன்னராட்சி திரும்பிய பிறகுதான் பண்டிகையும் திரும்பியது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பகுதியில் 1659 முதல் 1681 வரை கிறிஸ்துமஸ் கொண்டாடினால் 5 ஷில்லிங் அபராதம். ஸ்காட்லாந்தில் இன்னும் ஒரு படி மேல். அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறை ஆனதே 1958-ல்தான்.

தடை போன பிறகும் பழைய களை முழுசாக வரவில்லை. கிராமத்துப் பெரிய வீடுகளில் விருந்து, ஆட்டம், பாட்டு எல்லாம் இருந்தது. ஆனால் கிராமத்தை விட்டு லண்டனுக்கும் மான்செஸ்டருக்கும் ஆலை வேலைக்குப் போன ஜனங்களுக்கு அந்தப் பெரிய வீடும் இல்லை, பன்னிரண்டு நாள் கொண்டாட நேரமும் இல்லை. இங்கிலாந்து வங்கியே 1834-ல் தன் ஆண்டு விடுமுறைகளை வெறும் 4 நாளாகக் குறைத்துக்கொண்டது. வங்கிக்கே இப்படி என்றால் ஆலைத் தொழிலாளியின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு பக்கம், புதுப்புது வழக்கங்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கிய காலமும் அதுதான். கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியில் இருந்து வந்தது. ஜெர்மனியில் பிறந்த ராணி சார்லட் 1800-லேயே விண்ட்ஸரில் ஒரு மரம் வைத்தார். ஆனால் விக்டோரியா ராணியும் கணவர் ஆல்பர்ட்டும் பிள்ளைகளோடு மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-ல் பத்திரிகையில் வந்த பிறகுதான் அது சாதாரண வீடுகளுக்கு இறங்கியது. முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை 1843-ல் ஹென்றி கோல் என்ற அதிகாரி அச்சடித்தார். விலை ஒரு ஷில்லிங். ஆமாம், டிக்கன்ஸ் புத்தகம் வந்த அதே வருஷம்.

ஆக மரம் அவர் கொண்டுவந்தது இல்லை, அட்டையும் இல்லை. சிவப்பு உடை, வெள்ளைத் தாடி சாண்டாவும் பின்னால் அமெரிக்காவில் தாமஸ் நாஸ்ட் வரைந்த படங்கள் வழியாகப் பிரபலமானவர். 'கரோல்' கதையில் மரமும் கிடையாது, சாண்டாவும் கிடையாது. அப்போ என்னதான் இருக்கிறது? அதற்கு இந்த எழுத்தாளரின் 12-வது வயதுக்குப் போக வேண்டும்.

அப்பா சிறையில், பையன் வேலையில்

டிக்கன்ஸ் பிறந்தது 1812 பிப்ரவரி 7, போர்ட்ஸ்மவுத் நகரில். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் கிளார்க். சம்பளம் மோசமில்லை. ஆனால் கைக்கு வருவதைவிட செலவழிப்பது எப்போதும் கொஞ்சம் கூட. நல்ல மனுஷன், கலகலப்பாகப் பேசுவார், நாலு பேரைக் கூப்பிட்டு விருந்து வைப்பார். பணம் மட்டும் நிற்காது. நம் ஊரிலும் தெருவுக்கு ஒருவர் இருப்பாரே, அந்த ரகம். 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' நாவலில் வரும் மிக்காபர் இவரேதான்.

ஒரு சின்னத் தகவல். டிக்கன்ஸ் குழந்தையாக இருந்த 1810-கள் இங்கிலாந்தில் குளிர் கடுமையாக இருந்த வருடங்கள். தேம்ஸ் நதி உறைந்து, பனிக்கட்டி மேலேயே கடை போட்டு நடத்திய கடைசிச் சந்தை 1814-ல்தான் நடந்தது. லண்டனில் கிறிஸ்துமஸ் அன்று பனி விழுவது உண்மையில் அபூர்வம். ஆனால் வாழ்த்து அட்டையிலும் படத்திலும் எப்போதும் பனி கொட்டிக்கொண்டே இருக்கும். அந்தக் காட்சி நிலைத்ததற்கு டிக்கன்ஸின் சின்ன வயசு ஞாபகமும் ஒரு காரணம் என்று சொல்கிறார்கள்.

1822-ல் குடும்பம் லண்டன் வந்தது. கடன் கழுத்தை நெரித்தது. வீட்டுச் சாமான் ஒவ்வொன்றாக அடகுக் கடைக்குப் போனது. புத்தகங்களைக் கொண்டுபோய் விற்றுவிட்டு வரும் வேலை பையன் சார்லஸுக்கு. 1824 பிப்ரவரியில், அவனுக்கு 12 வயது முடிந்த இரண்டாவது நாள், ஷூ பாலிஷ் தயாரிக்கும் வாரன்ஸ் என்ற கம்பெனியில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். தேம்ஸ் கரையோரம் எலிகள் ஓடும் ஒரு பழைய கட்டடம். பாலிஷ் டப்பாக்களை எண்ணெய்க் காகிதத்தால் மூடி, மேலே நீலக் காகிதம் வைத்து, நூல் கட்டி, ஓரத்தை வெட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். ஒரு நாளைக்கு 10 மணி நேரம். வாரச் சம்பளம் 6 ஷில்லிங்.

சில நாட்களிலேயே அப்பா கைதானார். ஒரு பேக்கரிக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்ட் 10 ஷில்லிங்தான் காரணம். மார்ஷல்ஸீ என்ற கடன்காரர் சிறையில் அடைத்தார்கள். அந்தக் காலத்துச் சட்டம் விநோதமானது. கடனைக் கட்டும்வரை வெளியே வர முடியாது. உள்ளே இருந்தால் சம்பாதிக்கவும் முடியாது. பிறகு எப்படிக் கட்டுவது? கொஞ்ச நாளில் அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் சிறைக்கே போய்க் குடியேறினார்கள். சார்லஸ் மட்டும் வெளியே, தெரியாதவர்கள் வீட்டில் ஒண்டிக்கொண்டு, கையில் இருக்கும் காசை வாரம் முழுக்க வருகிற மாதிரி பிரித்து வைத்துச் சாப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை அக்கா ஃபேனியைக் கூட்டிக்கொண்டு சிறைக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்ப்பான். அக்கா மட்டும் அரச இசைப் பள்ளியில் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தார் என்பதும் அவன் மனதில் தைத்தது.

மே மாதக் கடைசியில் அப்பா விடுதலையானார். ஆனால் பையனை உடனே வேலையில் இருந்து நிறுத்தவில்லை. கம்பெனி வேறு இடத்துக்கு மாறி, தெருவைப் பார்த்த ஜன்னலருகே உட்கார்ந்து அவன் டப்பா கட்டுவதைப் போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அப்பா கம்பெனிக்காரரோடு சண்டை போட்டதால்தான் வேலை போனது. அப்போதும் அம்மா சமாதானம் பேசி, மறுபடி அவனை அங்கேயே அனுப்பப் பார்த்தார். அப்பா விடவில்லை, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்.

அம்மா செய்த அந்த ஒரு காரியத்தை டிக்கன்ஸ் கடைசிவரை மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. மொத்தம் எத்தனை மாதம் அங்கே இருந்தோம் என்பதுகூட அவருக்கு நினைவில் இல்லை. ஒரு வருஷமா, கூடவா, குறைவா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் இதை அவர் யாரிடமும் பேசியதில்லை. நெருங்கிய நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் ஒருவருக்கு மட்டுமே இது பின்னாளில் தெரியவந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாது.

வழக்கறிஞர் அலுவலக வேலை, சுருக்கெழுத்து, நாடாளுமன்ற நிருபர் என்று அதன்பின் வேகமாக மேலே வந்தார். 1836-ல் தொடங்கிய 'பிக்விக் பேப்பர்ஸ்' தொடர் 24 வயதிலேயே அவரை நாடு முழுக்கத் தெரிந்த ஆளாக்கியது. அதே வருஷம் கேத்தரினைக் கல்யாணம் செய்தார்.

1843: துண்டறிக்கை கதையாக மாறியது எப்படி?

1843-ல் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்யும் குழந்தைகளைப் பற்றி நாடாளுமன்றக் குழு ஒன்றின் அறிக்கை வெளியானது. படித்த டிக்கன்ஸ் ஆடிப்போனார். ஏழைக் குழந்தைகளுக்காக ஒரு துண்டறிக்கை எழுதப் போவதாக முதலில் சொன்னார். சில நாளிலேயே மனதை மாற்றிக்கொண்டார். துண்டறிக்கை வேண்டாம், வருஷக் கடைசியில் வேறொன்று வரும், அதன் அடி இதைவிடப் பல மடங்கு பலமாக இருக்கும் என்று அறிக்கைக் குழுவில் இருந்த நண்பருக்குத் தெரிவித்தார்.

செப்டம்பரில் லண்டன் சஃப்ரன் ஹில் பகுதியில் ஃபீல்டு லேன் பள்ளிக்குப் போனார். கந்தல் பள்ளி என்றுதான் அதற்குப் பெயர். வேறு எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாத தெருப் பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் பாடம் நடத்திய இடம். திருடிப் பிழைக்கும் சிறுவர்கள், அழுக்கு, தாங்க முடியாத நாற்றம். பிள்ளைகள் கை கால் கழுவ ஒரு வசதியாவது செய்து தர வேண்டும் என்று பணக்காரத் தோழி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸுக்கு எழுதினார்.

அக்டோபர் 5-ம் தேதி மான்செஸ்டரில் தொழிலாளர் கல்விக்காக நடந்த கூட்டத்தில் பேசினார். அந்தப் பயணத்தில்தான் கதை உருவானது. அக்கா ஃபேனி அப்போது வசித்ததும் அந்த ஊரில்தான். ஃபேனியின் உடல்நலமில்லாத மகன்தான் கதையில் ஊன்றுகோலோடு வரும் டைனி டிம்முக்கு மாதிரி என்று பலர் கருதுகிறார்கள்.

நல்ல மனசு மட்டும்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். பணமும் அவசரமாகத் தேவைப்பட்டது. அப்போது வந்துகொண்டிருந்த 'மார்ட்டின் சஸில்விட்' தொடர் சரியாகப் போகவில்லை. முந்தைய தொடர் ஒன்று 1 லட்சம் பிரதி விற்ற இடத்தில், இது 20 ஆயிரத்தைச் சுற்றியே நின்றது. மாதம் 50 பவுண்ட் பிடித்துக்கொள்ள நேரிடும் என்று பதிப்பகத்தார் சொல்லிவிட்டார்கள். கேத்தரின் வயிற்றில் ஐந்தாவது குழந்தை. அப்பா வேறு, மகன் பெயரைச் சொல்லிக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார். பழைய சிறை வாசல் மறுபடி கண்ணில் தெரிந்திருக்கும்.

ஆறே வாரம். பகலில் எழுதுவார். ராத்திரியில் ஊர் அடங்கிய பிறகு லண்டன் தெருக்களில் 15, 20 மைல் நடப்பார். நடந்தபடியே அழுவார், சிரிப்பார், மறுபடி அழுவார். டிசம்பர் தொடக்கத்தில் கதை முடிந்தது.

கதையில் ஒரு இடம், படங்களில் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துபோகும் இடம். பச்சை அங்கி போட்ட ராட்சத உருவம் ஒன்று ஸ்க்ரூஜை ஊர் சுற்றிக் காட்டும். கடைசியில் தன் அங்கியை விலக்கும்போது, காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பையனும் ஒரு பெண் குழந்தையும் ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். பையன் பெயர் அறியாமை, பெண் பெயர் வறுமை. இரண்டில் பையனைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும் என்று அந்த உருவம் எச்சரிக்கும். துண்டறிக்கையில் சொல்ல நினைத்தது இதைத்தான். ஃபீல்டு லேன் பள்ளியில் பார்த்த பிள்ளைகளும் இவர்கள்தான். வாரன்ஸ் கம்பெனிப் பையனையும் அங்கே பார்க்க முடியும்.

ஆவிக் கதையைக் கழித்துவிட்டுப் பார்த்தால் 'கரோல்' ஒரு சம்பளக் கதை. கிளார்க் பாப் கிராட்சிட்டுக்கு வாரம் 15 ஷில்லிங். அறையில் கரி போட்டுக் குளிர் காயக்கூட முதலாளி விடமாட்டார். கிறிஸ்துமஸ் அன்று ஒரு நாள் லீவு, அதையும் முணுமுணுத்துக்கொண்டே தருவார். கிராட்சிட் வீட்டு விருந்துக்கு இருப்பது ஒரு வாத்து. அதைச் சுடுவதற்கு வீட்டில் அடுப்பு வசதி இல்லாமல் பேக்கரிக்குக் கொடுத்துச் சுட்டு வாங்கி வருவார்கள். அன்றைய லண்டன் ஏழைகளின் நிஜமான வழக்கம் இது. வாரம் சில பென்ஸ் சீட்டு மாதிரி கட்டி, டிசம்பரில் வாத்து வாங்க 'வாத்து கிளப்' என்று ஒன்றே இருந்தது. நம்மூர் தீபாவளிச் சீட்டுக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

வான்கோழி அப்போது வசதியானவர்கள் சாப்பாடு. நார்ஃபோக் பகுதியில் இருந்து கூட்டம் கூட்டமாக லண்டனுக்கு நடத்தியே ஓட்டிவருவார்கள். மனம் மாறிய ஸ்க்ரூஜ் கிளார்க் வீட்டுக்கு வாத்து அனுப்பாமல் வான்கோழி அனுப்பியது ஏன் என்பது இப்போது புரியும். ஒரு வாரச் சம்பளக்காரன் வீட்டுக்கு முதலாளி வீட்டுச் சாப்பாடு போகிறது. அந்தக் காட்சி மனதில் பதிந்து, மெல்ல மெல்ல வான்கோழியே இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் சாப்பாடானது. எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாக 20-ம் நூற்றாண்டு வரை ஆனது என்பது வேறு கதை.

விற்றது 6,000... கையில் நின்றது?

புத்தகம் பார்க்க அழகாக இருக்க வேண்டும் என்று டிக்கன்ஸ் பிடிவாதமாக இருந்தார். சிவப்புத் துணி அட்டை, தங்கநிற ஓரம், ஜான் லீச் வரைந்து கையால் வண்ணம் தீட்டிய 4 படங்கள். அச்சுச் செலவு அவருடையது. விலை 5 ஷில்லிங் மட்டும் என்றும் அவரே முடிவு செய்தார். இந்த 'மட்டும்' கொஞ்சம் இடிக்கும். பாப் கிராட்சிட் மாதிரி ஒருவர் தன்னைப் பற்றிய இந்தப் புத்தகத்தை வாங்க வேண்டுமானால் வாரச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

டிசம்பர் 19 வெளியீடு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாளுக்குள் 6,000 பிரதியும் காலி. 1,000 பவுண்டாவது வரும் என்று கணக்குப் போட்டிருந்தார். செலவு போகக் கிடைத்தது 230 பவுண்ட்.

அடுத்த அடி ஜனவரியில். கதையை லேசாக மாற்றி 2 பென்ஸுக்கு ஒரு திருட்டுப் பதிப்பு வந்தது. டிக்கன்ஸ் வழக்குப் போட்டார், ஜெயித்தும் விட்டார். எதிராளிகள் திவால் நோட்டீஸ் கொடுத்துவிட, வழக்குச் செலவு சுமார் 700 பவுண்ட் இவர் தலையில் விழுந்தது. கடனில் வாடுபவர்களுக்காகக் கதை எழுதி, அந்தக் கதையாலேயே கடனாளியானார். 1844-ல் செலவு குறையும் என்று குடும்பத்தோடு இத்தாலியில் ஜெனோவாவுக்குக் குடிபெயர்ந்தார்.

ஆனால் கதை ஓடிக்கொண்டே இருந்தது. நாடகங்களாகின. பிறகு ஒவ்வொரு டிசம்பருக்கும் டிக்கன்ஸிடம் இருந்து ஒரு கிறிஸ்துமஸ் கதையை ஜனங்கள் எதிர்பார்க்கத் தொடங்கினார்கள். அவரும் பெரும்பாலான வருஷங்களில் கொடுத்தார். கிறிஸ்துமஸ் சிறப்பிதழ் என்பதே பத்திரிகைகளுக்குப் பெரிய வியாபாரமாக மாறியது.

அந்தச் சிறப்பிதழ்களில் ஒன்று இந்தியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. 1857-ல் சிப்பாய்ப் புரட்சி நடந்த வருஷம். ஏழைக்காக அழுத அதே டிக்கன்ஸ், இந்தியர்களைப் பூண்டோடு அழிக்க வேண்டும் என்ற அளவுக்குத் தனிக் கடிதத்தில் வெறுப்பைக் கொட்டினார். அந்த வருஷ கிறிஸ்துமஸ் இதழுக்கு வில்கி காலின்ஸோடு சேர்ந்து அவர் எழுதிய கதை, இடம் பெயர் மாறியிருந்தாலும், இந்தப் புரட்சியை மனதில் வைத்து எழுதியதுதான். லண்டன் தெருப் பையனுக்கு இருந்த இரக்கம் கடல் தாண்டி வரவில்லை.

கடல் தாண்டி வந்தது அவர் மகன். இரண்டாவது மகன் வால்டர், 16 வயதில், அதே 1857-ல் ராணுவ வேலைக்காக இந்தியா வந்தார். இங்கே அவர் கடனில் சிக்கினார். அப்பாவுக்கு எழுதிக் கேட்டார், மனக்கசப்பு வந்தது. உடம்பு சரியில்லாமல் ஊர் திரும்பக் காத்திருந்தபோது, 1863 டிசம்பர் 31 அன்று கல்கத்தாவில் இறந்தார். வயது 22. செய்தி கப்பலில் போய்ச் சேர்ந்தது 1864 பிப்ரவரி 7. டிக்கன்ஸின் 52-வது பிறந்தநாள்.

மேடையில் 127 முறை

1853 டிசம்பரில் பர்மிங்ஹாம் டவுன் ஹாலில் 'கரோல்' கதையை முதல்முறையாகப் பொதுமக்கள் முன் வாசித்துக் காட்டினார். ஒரு கல்வி நிறுவனத்துக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சி. ஒரு நாள் வாசிப்பு தொழிலாளர்களுக்கே என்று ஒதுக்க வேண்டும், டிக்கெட் மலிவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். அந்த நாளில் 2,000 பேருக்கு மேல் வந்தார்கள். 5 ஷில்லிங் புத்தகம் வாங்க முடியாதவர்களுக்குக் கதை 6 பென்ஸில் நேரடியாகப் போய்ச் சேர்ந்தது.

பிறகு இதையே தொழிலாக எடுத்துக்கொண்டார். ஒரே ஆள், ஒரு சின்ன மேஜை, எல்லாப் பாத்திரத்துக்கும் தனித்தனிக் குரல். 'கரோல்' மட்டும் 127 முறை.

1867 நவம்பரில் அமெரிக்கா போனார். கிறிஸ்துமஸைத் தடை செய்திருந்த அதே மாசசூசெட்ஸின் பாஸ்டன் நகரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இரவு 'கரோல்' வாசித்தார். அதைக் கேட்ட வெர்மான்ட் மாநில ஆலை முதலாளி ஒருவர், மறுநாள் ஆலைக்கு லீவு விட்டு, அடுத்த வருஷத்தில் இருந்து ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு வான்கோழி கொடுக்க ஆரம்பித்தார் என்று சொல்லப்படுகிறது. டிக்கன்ஸ் காலமான 1870 ஜூன் மாதத்தில்தான் அமெரிக்க மத்திய அரசு கிறிஸ்துமஸை விடுமுறையாக்கும் சட்டம் கொண்டுவந்தது. மறு வருஷம் இங்கிலாந்து டிசம்பர் 26-ஐயும் வங்கி விடுமுறையாக்கியது.

வெளியே இப்படி. வீட்டுக்குள் என்ன நடந்தது? குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் நாள் என்று கிறிஸ்துமஸுக்கு அர்த்தம் கொடுத்தவர், 1858-ல் பத்துப் பிள்ளைகள் பெற்ற மனைவியைப் பிரிந்தார். நடிகை எல்லன் டெர்னனுடனான பழக்கம் அதற்குப் பின்னணி. பிரிவைப் பற்றித் தன் பத்திரிகையிலேயே அறிக்கை வெளியிட்டார். மூத்த மகன் மட்டும் அம்மாவோடு போனார். மகள் கேட்டியின் கல்யாணத்துக்குக்கூட கேத்தரின் அழைக்கப்படவில்லை. கெண்ட் பகுதியில் டிக்கன்ஸ் வாங்கிய கேட்ஸ் ஹில் வீட்டில் விருந்தும் விளையாட்டுமாகக் கிறிஸ்துமஸ் தொடர்ந்து நடந்தது. கேத்தரின் லண்டனில் இருந்தார்.

1865-ல் ஒரு ரயில் விபத்தில் தப்பித்த பிறகு உடம்பு தளர ஆரம்பித்தது. டாக்டர்கள் தடுத்தும் மேடையை விடவில்லை. 1870 மார்ச் 15-ம் தேதி லண்டனில் கடைசி நிகழ்ச்சி. அன்றும் 'கரோல்' வாசித்தார். ஜூன் 9-ம் தேதி, ரயில் விபத்து நடந்து சரியாக 5 வருஷம் ஆன நாளில், 58 வயதில் இறந்தார். ஆடம்பரமில்லாமல் புதைக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அதிகாலையில் சத்தமில்லாமல் அடக்கம் நடந்தது. கூட்டம் பிறகு நாள்கணக்கில் வந்தது.

நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தபோதுதான் ஷூ பாலிஷ் கம்பெனி விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. பிள்ளைகளுக்கும் அப்போதுதான்.

படித்ததும் மகன் ஹென்றிக்குப் பழைய சம்பவம் ஒன்று பிடிபட்டது. 1869 கிறிஸ்துமஸ், அப்பாவின் கடைசிக் கிறிஸ்துமஸ். கால் வலியால் அவதிப்பட்ட டிக்கன்ஸ் சோபாவில் சாய்ந்திருந்தார். எல்லோரும் ஞாபகசக்தி விளையாட்டு விளையாடினார்கள். ஒருவர் ஒரு சொல் சொல்ல, அடுத்தவர் அதையும் திருப்பிச் சொல்லித் தன் சொல்லைச் சேர்க்க வேண்டும். டிக்கன்ஸ் முறை வந்தது. முன்னால் வந்த எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொன்னார். கடைசியில் கண்ணில் ஏதோ ஒரு மின்னலோடு, குரலும் லேசாக மாற, ஒரு பெயரைச் சேர்த்தார். வாரன்ஸ் ஷூ பாலிஷ், 30, ஸ்ட்ராண்ட் என்று ஒரு கம்பெனியின் விலாசம். அது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அடுத்தவர் அதையும் சேர்த்துச் சொல்ல, விளையாட்டு தொடர்ந்தது.